பாறை வந்து மோதினால் கான்கிரீட் சுவர் தாங்குமா?

கேமரன் மலைச் சாலைகளில் சரிவை ஒட்டி நிற்கும் கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் தோட்டத்து மக்களுக்குப் பழகிப்போன காட்சி. சுவர் இருக்கிறது, இனிப் பயமில்லை என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. துப்பாக்கிக் குண்டையே தடுக்கும் கான்கிரீட், மலையிலிருந்து உருண்டு வரும் கல்லைத் தடுக்காதா என்று நினைப்பதும் இயல்புதான். ஆனால் இந்த இரண்டு தாக்குதல்களும் ஒன்றல்ல.

குண்டு பாயும்போது நடப்பது என்ன?

கான்கிரீட்டை நசுக்குவது கடினம். இழுத்துப் பிளப்பது எளிது. அதன் இழுவிசைத் திறன், அழுத்தத்தைத் தாங்கும் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வேகமாக வரும் குண்டு பட்டதும் முன்பக்கம் நொறுங்கிக் குழி விழும். அதே நேரத்தில் ஓர் அழுத்த அலை சுவருக்குள் பாய்ந்து, பின்பக்கத்தை அடைந்ததும் இழுவிசையாக மாறித் திரும்பும். அதனால் குண்டு சுவரைத் துளைக்காவிட்டாலும், பின்பக்கத்திலிருந்து சில்லுகள் தெறித்து, மறைந்திருப்பவரைக் காயப்படுத்தலாம்.

கான்கிரீட்டின் வலிமையைக் கூட்டினால் மட்டும் போதுமா? 1946இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழு வகுத்த கணக்கின்படி, வலிமையை இரண்டு மடங்காக்கினாலும் குண்டு புகும் ஆழம் பாதியாகக் குறையாது. அதிகம் போனால் 30 விழுக்காடு அளவே குறையும். சுவரின் தடிமனும், உள்ளே கலந்திருக்கும் கடினமான கருங்கல் ஜல்லியும், இருபுறமும் பின்னிய இரும்புக் கம்பியும் சேர்ந்துதான் காப்பு தருகின்றன. கம்பி குண்டை நிறுத்துவதைவிட, உடைந்த கான்கிரீட் சிதறாமல் பிடித்து வைப்பதே அதன் முக்கிய வேலை. இன்றைய மிகு வலிமைக் கான்கிரீட்டில் மெல்லிய எஃகு இழைகளைக் கலப்பதும் இதற்காகத்தான்.

தடிமனின் பலனுக்கு ஒரு சான்று உண்டு. 1988இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் ஒரு எஃப்-4 போர் விமானத்தை மணிக்குச் சுமார் 775 கிலோமீட்டர் வேகத்தில் 3.66 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் பாளத்தின்மீது மோதவிட்டது. விமானம் தூள் தூளானது. பாளத்தில் விழுந்த குழியின் ஆழமோ சில சென்டிமீட்டர்தான்.

நம் நாட்டிலும் போர்க்காலச் சான்று உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தாபாரு கடற்கரையில் இறங்கியபோது, இந்தியச் சிப்பாய்கள் பில்பாக்ஸ் எனப்படும் சிறு கான்கிரீட் காவலறைகளுக்குள் இருந்து போரிட்டனர். அத்தகைய அறையில் தடித்த சுவரைவிட, சுடுவதற்காக விட்ட திறப்பே பலவீனமான இடம்.

பாறையின் கணக்கு வேறு

10 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 3,200 ஜூல். ஒரு டன் பாறை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தாலே 50,000 ஜூல். ஏறக்குறைய 15 மடங்கு. குண்டு ஒரு புள்ளியைத்தான் துளைக்கும். பாறையோ சுவர் முழுவதையும் வளைக்கும், அடித்தளத்தோடு சாய்க்கும். சுவர் கான்கிரீட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது ஊன்றி நிற்கும் மண் இளகியிருந்தால் பயனில்லை.

1996 ஆகஸ்டு 29ஆம் தேதி பேராக், கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வக்குடி கிராமத்தில் சேறும் மரங்களும் வெள்ளமும் சேர்ந்து வந்து 44 உயிர்களைப் பறித்தன. 2011 ஆகஸ்டு 7ஆம் தேதி கேமரன் மலை சுங்கை ருயில் கிராமத்தில் மண்சரிவு ஏழு பேரைக் கொன்றது. இப்படி வரும் மண்ணுக்கும் மரத்துக்கும் முன்னால் வீட்டின் செங்கல் சுவர் ஒரு தடையே அல்ல.

அதனால்தான் பொறியாளர்கள் மோதலை நேருக்கு நேர் எதிர்ப்பதைவிட, அதைத் தணிக்கப் பார்க்கிறார்கள். மலைநாடுகளில் சாலைக் கூரைகளின்மேல் மணலை மெத்தைபோல் பரப்புகிறார்கள். கம்பிவலைக் கூடையில் கல் நிரப்பிக் கட்டும் சுவர் சற்று நெளிந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். ஓடைகளின் குறுக்கே ஜப்பானிய முறையில் கட்டப்படும் சாபோ தடுப்பணைகள் பாறைகளையும் மரங்களையும் மேலேயே பிடித்து நிறுத்தும்.

தோட்டக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

சிறு தடுப்புச் சுவர் கட்டும்போது கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் வலிமை குறையும். கேமரன் மலைக் குளிரில் கான்கிரீட் இறுகுவதற்குக் கூடுதல் நாட்கள் ஆகும். அவசரப்பட்டுப் பலகையைப் பிரிக்கக் கூடாது. சுவரில் உள்ள வடிகால் துளைகளைக் குப்பையோ மண்ணோ அடைக்க விடக் கூடாது. பின்னால் தேங்கும் தண்ணீரே பல சுவர்களைத் தள்ளிச் சாய்க்கிறது.

அடைமழையில் சரிவில் புதிய வெடிப்பு தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஓடை நீர் திடீரெனக் குறைந்தாலோ, கலங்கிச் சேறாக வந்தாலோ, சுவரை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். ஓடையிலிருந்தும் சரிவிலிருந்தும் விலகி, பாதுகாப்பான இடத்துக்குச் சென்றபின் 999க்கு அழைக்க வேண்டும். நல்ல சுவர் சில நிமிட அவகாசம் தரலாம். அந்த அவகாசம் வெளியேறுவதற்காகத்தான்.