நுரையீரல் பூஞ்சைப் பந்து: அறுவைச் சிகிச்சை

ஆஸ்பர்ஜில்லோமா என்பது நுரையீரலில் ஏற்கெனவே உள்ள குழிவுக்குள் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்து பந்தாகத் திரளும் நாட்பட்ட நோய். பந்து தங்கிய நுரையீரல் பகுதியை முழுமையாக வெட்டி அகற்றினால், நோய் ஓரிடத்தில் மட்டும் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் குணம் கிடைக்கிறது.

நோயின் தன்மை

இப்பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் கலந்துள்ளன. காசநோய் ஆறிய பின் எஞ்சும் குழிவில் அவை தங்கி வளரும்போது, பூஞ்சை இழைகளும் சளியும் இறந்த செல்களும் சேர்ந்து உருண்டையாகின்றன. சி.டி. ஸ்கேனில் உருண்டைக்கு மேல் பிறை வடிவில் காற்று தெரியும். குழிவின் சுவரில் புதிதாகக் கிளைத்த இரத்தக் குழாய்கள் கசிவதால் இருமலில் இரத்தம் வரும். அது பெருக்கெடுத்து மூச்சுக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

யாருக்கு அறுவை?

பெல்ச்சர், பிளம்மர் ஆகியோர் 1960இல் இந்நோயை எளியது, சிக்கலானது என இரண்டாகப் பிரித்தனர். எளியதில் குழிவின் சுவர் மெல்லியது. சுற்றியுள்ள நுரையீரல் நலமாக இருக்கும். சிக்கலானதில் சுவர் தடித்து, சுற்றுப்பகுதியும் சிதைந்திருக்கும். முதல் வகையில் அறுவையின் ஆபத்து குறைவு. இரண்டாம் வகையில் எஞ்சும் நுரையீரல் மூச்சுக்குப் போதுமா என்பதை முன்கூட்டியே அளந்து பார்த்தாக வேண்டும்.

முறை

வலப்புறத்து மூன்று மடல்களிலோ இடப்புறத்து இரண்டிலோ நோயுற்ற மடலை நீக்குவதே வழக்கம். ஒரு பக்க நுரையீரல் முழுதும் அழிந்திருந்தால் மட்டுமே அதை மொத்தமாக எடுப்பர். இரத்தமும் பூஞ்சையும் மறுபக்கம் வழிந்துவிடாதபடி, இரட்டைத் துளைக் குழாய் செருகி இரு நுரையீரல்களுக்கும் தனித்தனியே காற்று செலுத்துவர். நுரையீரல் மார்புச் சுவரோடு இறுக ஒட்டியிருப்பதால், அதைப் பிரித்தெடுக்கையில்தான் இரத்த இழப்பு மிகும்.

சிக்கல்களும் மாற்று வழிகளும்

நீடித்த காற்றுக் கசிவு, மார்புக்கூட்டில் சீழ், மூச்சுக்குழாய்ப் புரை ஆகியவை பின்விளைவுகள். மடல் நீங்கிய வெற்றிடத்தைத் தசை மடிப்பாலோ வயிற்றுக் கொழுப்புத் திரையாலோ நிரப்புவதுண்டு.

அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கு, கசியும் மூச்சுக்குழாய்த் தமனியைக் கதீட்டர் வழியே அடைத்து இரத்தப்போக்கை நிறுத்தலாம். காலப்போக்கில் அது மீண்டும் தொடங்கக்கூடும். குழிவைத் திறந்து பந்தை மட்டும் எடுப்பது இன்னொரு வழி. இட்ராகோனசோல், வோரிகோனசோல் மாத்திரைகளைக் குறைந்தது 6 மாதம் தருவர். ஆனால் அவை பந்துக்குள் நன்கு ஊடுருவுவதில்லை. அறுவையின்போது பூஞ்சை சிந்தினாலோ, நோயுற்ற பகுதி எஞ்சினாலோ பின்னரும் இம்மருந்துகள் தேவைப்படும்.