ஒரு சேஸ், பல பெயர்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதல் கஸல் வரை

கரூரிலோ திருச்செங்கோட்டிலோ லாரிக்குப் பாடி கட்டக் கொடுத்தவருக்கு, சேஸ் வேறு பாடி வேறு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே லேலண்டு சேஸ்மேல் டேங்கரும் ஏறும், பஸ்ஸும் ஏறும். இந்த வழக்கம் காருக்குள் எப்படி வந்தது, அமெரிக்காவிலும் மதராஸிலும் எதற்குப் பயன்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்கக் கணக்கு எளிது. வோக்ஸ்வாகனும் ஜப்பானியக் கார்களும் சந்தையைத் தின்னத் தொடங்கியபோது, ஒவ்வொரு டீலருக்கும் கடையில் நிறுத்த ஒரு சிறிய கார் தேவைப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே நோவாவின் அடித்தளத்திலேயே 1971இல் பான்டியாக் வென்சுராவையும், 1973இல் ஓல்ட்ஸ்மொபில் ஒமேகாவையும் ப்யூக் அப்போலோவையும் இறக்கியது. ஃபோர்டின் மேவரிக்கே சிறு மாற்றங்களுடன் மெர்க்குரி காமெட் ஆனது. அமெரிக்கன் மோட்டார்ஸ் இன்னும் துணிந்தது. ஹார்னெட்டின் சக்கர இடைவெளியை 108 அங்குலத்திலிருந்து 96 ஆகக் குறைத்து, பின்பகுதியை வெட்டி, 1970 ஏப்ரல் முதல் தேதியில் கிரெம்லின் என்று வெளியிட்டது. வெளியான நாளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

பெயர் மாற்றி விற்பது நமக்கும் புதிதல்ல. பம்பாய் பிரீமியர் ஆலையின் லாரி டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ என்ற மூன்று பெயர்களில் ஓடியது. ஆனால் ஒரே சேஸ்மேல் வெவ்வேறு கார்கள் என்பதற்குச் சரியான இந்திய உதாரணம் மதராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டுதான்.

அதன் பிறப்புக்கு ஒரு நெருக்கடி காரணம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையை 1953இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. பாடியே பாரம் தாங்கும் புதுமுறைக்கு மற்ற கார்கள் மாறிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் பழையபடி தனிச் சேஸுக்குத் திரும்பினார்கள். பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டு போட்டு இணைத்தார்கள். இத்தாலியரான மிச்செலொட்டி வடிவமைத்த ஹெரால்டு 1959இல் வந்தது. அதே சேஸின் வழியில் விட்டெஸ், ஸ்பிட்ஃபயர், ஜிடி6 ஆகியவை பின்தொடர்ந்தன. வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு ஒரு குடும்பத்தையே உருவாக்கியது.

மதராஸில் ஹெரால்டு 1961இல் தொடங்கியது. முன்மூடி முழுவதுமாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்ததால், எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்க முடிந்தது. இரண்டே கதவு என்பதும் பின் அச்சும்தான் பிரச்சினை. பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அந்த அமைப்பில், வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்ளே மடங்கும். உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறும் சாலை வளைவுகளை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். இந்திய மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை.

தனிச் சேஸ் இங்கே கைகொடுத்தது. 1968இல் மதராஸ் ஆலை நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தில் அப்படியொரு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. 1972இல் முகப்பை மாற்றி, பின்னால் ஒரே தண்டான அச்சைப் பொருத்தி, கஸல் என்று பெயரிட்டது. இங்கிலாந்தில் ஹெரால்டு உற்பத்தி 1971லேயே முடிந்திருந்தது.

வேறுபாடு இங்கேதான். டெட்ராய்ட் ஓர் அடித்தளத்தை ஒரே காலகட்டத்தில் பல கடைகளுக்குப் பங்கிட்டது. மதராஸ் அதைப் பல ஆண்டுகளுக்கு நீட்டியது. லைசென்ஸும் அந்நியச் செலாவணியும் இறுக்கிப் பிடித்த காலத்தில் புதிய காருக்கு வழியில்லை. இருக்கும் சேஸுக்குச் சட்டை மாற்றவே வழியிருந்தது. அதை ஆலையின் குற்றமாக மட்டும் பார்ப்பது நியாயமல்ல.

ஆனால் எஞ்சின் விஷயத்தில் சாக்குக்கு இடம் குறைவு. இங்கிலாந்தில் ஹெரால்டு 1147 சிசி, 1296 சிசி என்று வளர்ந்தது. விட்டெஸில் ஆறு சிலிண்டர் எஞ்சினே ஏறியது. மதராஸிலோ 1961இல் வைத்த 948 சிசிதான் கஸலின் கடைசி நாள் வரை இருந்தது. கஸல் குறைந்த எண்ணிக்கையிலேயே வெளிவந்து 1977இல் நின்றுபோனது. 1985இல் அதே நிறுவனம் ரோவர் பாடிக்குள் பழைய வான்கார்டு காரின் வழிவந்த எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை இறக்கியது. 1980கள் முடியும் முன்பே அதன் உற்பத்தியும் நின்றது.