குத்தகை பாக்கியும் அவகாசமும்

1952க்கு முன்பு தஞ்சைத் தரணியில் ஒரு குத்தகைதாரரை வெளியேற்றுவது மிராசுதாருக்குப் பெரிய காரியமன்று. பல இடங்களில் குத்தகையே வாய்மொழிதான். நெல் பாக்கி நின்றால், அடுத்த சாகுபடிக்கு வேறொருவர் வயலில் இறங்குவார்.

அவ்வாண்டு ஆகஸ்டில், இராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. 1955ஆம் ஆண்டின் சென்னைச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அப்பாதுகாப்பைத் தஞ்சைக்கு அப்பாலும் விரித்தது. 1953 டிசம்பர் 1 அன்று நிலத்தைச் சாகுபடி செய்து, பின்னர் அதை இழந்தவர் மீண்டும் நிலம் கேட்டு மனுச் செய்யவும் அது வழிவிட்டது.

பாக்கிக்காக வெளியேற்றுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் நில உடைமையாளர் வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். அதிகாரி இருதரப்பின் நிலைமையையும் கருதி, பாக்கியைச் செலுத்த அவகாசம் தரலாம். செலுத்திவிட்டால் மனு தள்ளுபடி. இந்த அவகாசம் நமக்குப் புதிதன்று. கடனாளி நெருக்கடியிலிருந்தால் வசதி வரும்வரை பொறுக்குமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம், கடனையே விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்கிறது. சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை; கெடு கடந்தால் வெளியேற்ற உத்தரவுதான்.

காவிரிப் படுகையில் நம்மவரும் நிலம் வைத்திருந்தனர். பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் வக்ஃபு நன்செய் இருந்தது. வக்ஃபு வயலின் பாக்கியை முதவல்லி தம் விருப்பப்படி தள்ளுபடி செய்ய இயலாது; அந்நெல் பள்ளியின் விளக்குக்கும் இமாமின் ஊதியத்துக்கும் உரியது. சொந்த வயலின் பாக்கிக்கு அந்தக் காரணத்தை அவர் சொல்ல முடியாது.