வீட்டு வேலை யார் சுமை? தொலைக்காட்சியில் மோதிய இரு பெண் எழுத்தாளர்கள்

பெண்ணியம் பற்றிய விவாதம் என்றாலே ஒரு பக்கம் பெண், மறுபக்கம் ஆண் என்றுதான் பலர் எண்ணுவர். ஆனால், 1975 பிப்ரவரி 6-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் டபிள்யூ.டி.ஆர். தொலைக்காட்சியில் எதிரெதிரே அமர்ந்து வாதிட்ட இருவருமே பெண்கள்.

ஒருவர் எஸ்தர் விலார். அர்ஜெண்டினாவில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். உழைத்துச் சம்பாதிக்கும் ஆண்களைப் பெண்களே ஆட்டிவைக்கிறார்கள் என்று 1971-இல் நூல் எழுதியவர். மற்றவர் பத்திரிகையாளர் அலிஸ் ஷ்வார்ட்சர். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் ஊதியமின்றிப் பெண்கள் தலையில் சுமத்தப்படுகின்றன என்பது அவரது வாதம்.

இது வெறும் வாய்ச்சண்டை அல்ல. குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாவிட்டால் மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்பது அன்றைய மேற்கு ஜெர்மன் சட்டம்.

விவாதத்திற்குப் பிறகு ஷ்வார்ட்சர் நாடறிந்த முகமானார். பாராட்டோடு வசையும் வந்தது. விலாரும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1977 ஜனவரியில் ஷ்வார்ட்சர் ‘எம்மா’ என்ற பெண்கள் இதழைத் தொடங்கினார்.

அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் நடப்புக்கு வந்தது. கணவன், மனைவி இருவருக்கும் வேலைக்குச் செல்லும் உரிமை உண்டு. வீட்டுப் பொறுப்பை இருவரும் பேசி முடிவு செய்யவேண்டும் என்றது அச்சட்டம்.

ஒரு நிகழ்ச்சியால் மட்டும் சட்டம் மாறிவிடவில்லை. ஆனால், பெண்கள் அனைவருக்கும் ஒரே கருத்து இருக்கவேண்டியதில்லை என்பதையும், அடுப்படி வேலையும் பொது விவாதத்திற்கு உரியதே என்பதையும் அந்த ஒளிபரப்பு காட்டியது.