சமையல் எண்ணெயில் ஓடிய வண்டிகள்

சப்பான்காரன் காலத்தில் மலாயாவில் டீசலுக்குத் தட்டுப்பாடு. செம்பனை எண்ணெய் மட்டும் குவிந்து கிடந்தது. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சரக்கு, ஏற்றிப் போகக் கப்பல் இல்லை. டீசல் இன்ஜின்களுக்கு அதையே ஊற்றினார்கள். மசகெண்ணெய்க்குப் பதிலும் அதுதான். பெட்ரோல் வண்டிகளின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். ரப்பரைக் கொதிகலனில் காய்ச்சி வடித்துக்கூட எரிபொருள் எடுத்தார்கள்.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தோட்டத்து லோரி ஓட்டியவர் என் தாத்தா. அந்தக் காலத்தைப் பற்றி அவர் பெருமையாக எதுவும் சொன்னதில்லை. "விடிகாலையில எண்ணெய் உறைஞ்சு கெடக்கும்டா. டின்னை அடுப்புல வச்சு உருக்கி ஊத்தணும். வண்டி ஓடுச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா எத்தன தடவ நோசல கழட்டினோம்னு கேளு" என்பார். இன்று வரைக்கும் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் எண்ணம். ஓடுமா என்று கேட்டால் எல்லா எண்ணெயும் ஓடும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்த சிறிய டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசலே பின்னாளில் பேசியிருக்கிறார்.

தாத்தா லோரி ஓட்டிய அந்த வட்டாரத்தில்தான் தெனமாராம் தோட்டம் இருக்கிறது. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்ட இடம். பிறகு அவர் தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். குலை வெட்டியவர்களுக்கும் சுமந்தவர்களுக்கும் பரிசு ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.

நான் கிள்ளானில் டீசல் பம்ப் பட்டறை வைத்திருப்பவன். பம்ப், நோசல், இரண்டும்தான் என் பிழைப்பு. செம்பனை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. நோசல் வழியாக டீசல் பனிமூட்டமாகச் சிதறும்; எண்ணெயோ கோடாகப் பீய்ச்சும். அப்படிப் போனது முழுசாக எரியாது. நோசல் முனையிலும் பிஸ்டன் வளையத்திலும் கரியாகப் படியும். மிச்சம் சுவரில் வழிந்து கீழே இறங்கி, இன்ஜின் எண்ணெயோடு கலந்து அதைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். இதெல்லாம் ஒரு நாளில் நடப்பதில்லை. வீட்டில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தவர்கள் முதல் மாதம் முழுவதும் சந்தோஷமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இதற்கு மருந்து கண்டுபிடிக்க நம் நாடு நிறையவே மெனக்கெட்டது. போரிம் என்ற செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் 1979-இல் அமைந்தது. 1982-இல் எண்ணெயை டீசலாக்கும் ஆய்வில் இறங்கினார்கள். 1985-இல் ஆண்டுக்கு 3,000 டன் தயாரிக்கும் சோதனை ஆலை ஒன்றும் வந்தது. எண்ணெயோடு மெத்தனாலையும் கொஞ்சம் காரத்தையும் சேர்த்து 60 டிகிரி சூட்டில் கலக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது மெத்தில் எஸ்டர், கிட்டத்தட்ட டீசல் அளவுக்கே நீர்த்தது. அதை டாக்சி, லோரி, பேருந்து என்று எல்லாவற்றிலும் ஊற்றிப் பார்த்தார்கள். மெர்சிடிஸ் ஓஎம் 352 இன்ஜின் போட்ட பேருந்துகளில் சிலவற்றுக்கு முழு எஸ்டர், சிலவற்றுக்குப் பாதிக்குப் பாதி, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றுக்கு வெறும் டீசல். வண்டிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டி, பிறகு இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். இன்ஜின்கள் தாங்கின. பிறகு என்ன? 1986-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 10 டாலர் பக்கம் சரிந்தது. செம்பனை டீசலை விலைக்கு வாங்க ஆளில்லை, திட்டம் கிடப்பில் கிடந்தது.

இருபது வருடம் கழித்துக் கச்சா எண்ணெய் விலை ஏறியது. எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. 2006 மார்ச்சில் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும், கூடவே என்வோ டீசலும் வந்தன. எனக்கு இன்னும் புரியாத கணக்கு இதுதான்: எஸ்டர் செய்யும் வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு, சுத்திகரித்த சமையல் எண்ணெயையே 5 விழுக்காடு டீசலில் நேராகக் கலந்தார்கள். செலவு குறைவு என்பது அதற்குச் சொன்ன நியாயம். இன்ஜின் தயாரிப்பாளர்கள் ஒப்பவில்லை. இதை ஊற்றினால் உத்தரவாதம் கிடையாது என்றார்கள். 2008-இல் என்வோ டீசலைக் கைவிட்டு எஸ்டருக்கே திரும்பினார்கள். 2009 பிப்ரவரியில் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் வண்டிகளும் ராணுவ வண்டிகளும் 5 விழுக்காடு எஸ்டர் கலந்த பி5 டீசலில் ஓட ஆரம்பித்தன. 2011 ஜூனில் புத்ராஜெயா பெட்ரோல் நிலையங்களுக்கு வந்து, பின்னர் சிலாங்கூருக்கும் வந்தது.

அதே 2008 ஜூனில் டீசல் ஒரே இரவில் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசுக்குப் போனது. வீட்டிலேயே காய்ச்சிய எரிபொருளை ஊற்றிய வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தது அந்த வருடம்தான். ஒரு பிக்கப் நன்றாக நினைவிருக்கிறது. முடுக்கினால் ஏறவில்லை என்று கொண்டுவந்தார்கள். ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன், டீசல் வழியவில்லை. வெள்ளையாக, சவர்க்காரக் கூழ் ஒன்று மெதுவாக நழுவி விழுந்தது. உண்மையிலேயே சவர்க்காரம்தான். பழைய பொரித்த எண்ணெயில் புளிப்பும் தண்ணீரும் இருக்கும், காரம் போட்டால் பாதி அப்படித்தான் மாறும். நோசல் முனையில் துளையைச் சுற்றிக் கறுத்த மேடு. பம்பின் ரப்பர் வளையங்கள் ஊறிப் பருத்து, திரும்பப் போட்டால் பள்ளத்தில் உட்காரவில்லை. பட்டறை முழுக்கக் கருவாடு பொரித்த வாசனை. உரிமையாளர் நல்ல மனுஷன், தாமான் வீட்டுப் பின்கட்டில் டிரம் வைத்துக் காய்ச்சியிருக்கிறார். மெத்தனாலையும் அங்கேதான் வைத்திருந்தார் என்றதும் எனக்கு வண்டி மறந்துபோனது. பிள்ளைகள் நடமாடும் வீடு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் கள்ள மது குடித்தவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது அந்த மெத்தனால்தான். தவிரவும், 2007 சட்டப்படி உரிமம் இல்லாமல் உயிரி எரிபொருள் தயாரிப்பது குற்றம்.

பழைய காலத்து மெர்சிடிஸ் 200டி, புடுராயாவிலிருந்து வெளியூருக்கு ஓடிய அந்த டாக்சி, இந்த அக்கிரமங்களை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதன் நோசல் திறப்பது நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில். இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் 1,600, 2,000 பார்; துளையோ முடியளவு. புகைக்குழாயில் வடிகட்டி உள்ள கார்களில் இன்னொரு சங்கடம் உண்டு. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக எரிபொருள் பீய்ச்சும். டீசல் என்றால் கீழே இறங்கியதும் பெரும்பாலும் ஆவியாகிவிடும், எஸ்டர் இன்ஜின் எண்ணெயிலேயே தங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். 2019 பிப்ரவரியில் பி10 கட்டாயமானபோது சில ஐரோப்பிய கார் நிறுவனங்கள் முணுமுணுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. குளிரும் செம்பனை எஸ்டருக்கு ஆகாது; 15, 16 டிகிரியிலேயே அது கலங்கும். கேமரன் மலை, கெந்திங், குண்டாசாங் ஆகிய இடங்களுக்கு பி7-ஐ விட்டுவைத்தது அதனால்தான்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. மானிய விலை சமையல் எண்ணெய்ப் பொட்டலம் அப்போது கிலோ 2 வெள்ளி 50 காசு; லிட்டராக்கினால் சுமார் 2 வெள்ளி 30 காசு. அடுப்புக்கு வேண்டியது இன்ஜினுக்குப் போகும் அளவுக்கு விலை தலைகீழானது. அது ஏழை வீட்டு எண்ணெய், தொடாதீர்கள் என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் மலிவாகக் கிடைக்குமே என்று பழைய எண்ணெயை நம்புகிறவர்களும் ஏமாறுகிறார்கள். பொரித்த எண்ணெயில் செய்த எரிபொருளை ஐரோப்பா தன் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கணக்கில் இரட்டிப்பாக எழுதிக்கொள்வதால், அதை வாங்கி ஏற்றுமதி செய்ய வியாபாரிகள் கடை வாசலில் டின்னோடு நிற்கிறார்கள். அவர்கள் தரும் விலை நமக்குக் கட்டாது.

அப்படியும் விடமாட்டேன் என்பவரிடம் வண்டி எந்த வருடம், எந்த பம்ப் என்று கேட்பேன். வரிசைப் பம்ப் உள்ள பழைய வண்டி, உரிமம் உள்ள ஆலையின் எஸ்டர் என்றால், ரப்பர் வளையங்களை ஊறாத வைட்டன் ரகத்துக்கு மாற்றிவிட்டு, முதல் டேங்க் தீர்ந்ததும் ஃபில்டரையும் மாற்றச் சொல்வேன். பல வருடத்து அழுக்கை எஸ்டர் ஒரே வாரத்தில் கரைத்துக் கொண்டுவந்து அங்கே அடைக்கும். காமன் ரெயில் என்றால் நிலையத்தில் கிடைக்கிற பி10 போதும். கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போகிறவர் அடிவாரத்தில் தாப்பாவில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறாமல், மேலே போய் பி7 ஊற்றிக்கொள்ளலாம்.