கித்தான் படகைக் கட்டியவர் யார்?

ஒரு பொருளின் பயனை அறிவது எளிது. அதனைச் செய்தவர் இன்னார் என அறிவது அரிது. கோயிலை எடுப்பித்த மன்னனின் பெயர் கல்லில் நிற்கிறது. அக்கல்லைச் செதுக்கிய சிற்பியோ பெரும்பாலும் பெயரின்றி மறைந்தான். இவ்வுண்மையை விளக்க, மரச்சட்டமும் கித்தானும் கொண்ட ஒரு சிறு படகின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கயாக் எனப்படும் அப்படகு நமக்கு அயலானதே. எனினும் அது ஒரு காலத்தில் நம் சோழமண்டலக் கரையையும் கடந்து சென்றதுண்டு.

கயாக்கின் தாயகம் வடதுருவத்தை அடுத்த பனிநாடுகள். ஆங்கு வாழும் இனுவிட் மக்கள், கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளைப் பிணைத்துச் சட்டம் அமைத்தனர். பெண்டிர் கடல்நாயின் தோலை நீர் புகாவண்ணம் தைத்து அதன்மேல் போர்த்தினர். செலுத்துவோனின் உடலளவே படகின் அளவாயிற்று. செய்தவர் யாரென்பதை ஊரே அறிந்திருந்தது.

1905ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் ஆல்பிரட் ஹாய்ரிஷ் என்னும் கட்டடக்கலை மாணவர், மூங்கிலும் பாய்த்துணியும் கொண்டு மடிக்கத்தக்க படகொன்றைச் செய்து, இசார் ஆற்றில் மியூனிச் நகர் வரை செலுத்திக் காட்டினார். 1907இல் அவரிடமிருந்து உரிமை பெற்றவர் ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரர் யோகான் கிளெப்பர். தையற்காரர் படகு செய்வதா என்று வியப்போர், தோல் தைத்த இனுவிட் பெண்டிரை நினைத்தால் வியப்பு நீங்கப்பெறுவர். படகைப் பைகளில் அடக்கிப் புகைவண்டியில் ஏற்றிச் சென்று, மேலாற்றங்கரையில் இறங்கிப் பூட்டி, நீரோட்டத்தோடு வரலாம். இருப்புப்பாதை இல்லையேல் இப்படகு இத்துணை பரவியிராது.

பின்னர்ச் செய்வோர் பலராயினர். ஜெர்மனியில் பயோனியர், இங்கிலாந்தில் டைன், கிராண்டா முதலிய நிறுவனங்கள் தோன்றின. பெர்சி பிளாண்ட்போர்ட் என்னும் ஆங்கிலேயர் வரைந்தளித்த படங்களைப் பார்த்துத் தம் வீட்டிலேயே படகு கட்டினோரும் பலர். வரைந்த கை ஒன்று; கட்டிய கைகளோ பல!

இந்நிலையில் பழைய படகொன்று கிடைத்தால் அதன் பிறப்பிடத்தை எவ்வாறு காண்பது? புகைவண்டி இயந்திரத்தில், கட்டிய தொழிற்சாலை, எண், ஆண்டு ஆகியவை பொறித்த தகடு இருக்கும். ஒரு பார்வை போதும். படகில் ஒட்டிய தகடோ எளிதில் கழன்றுவிடும். கித்தானைப் பலமுறை மாற்றியிருப்பர். மேலே வண்ணமும் பூசியிருப்பர். ஆதலின் ஆராய்வோர் வெளித்தோற்றத்தை விடுத்து உட்சட்டத்தை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, சட்டம் மடிவதா, ஆணியும் திருகாணியும் கொண்டு நிலையாக இறுக்கியதா என்று காண்க. நிலையாக இறுக்கியதாயின் வீட்டில் கட்டியதாகவும் இருக்கலாம். இரண்டாவது, குறுக்குச் சட்டங்களின் இடைவெளியை அளந்து பார்க்க. அளவு முழு அங்குலமாக வருமாயின் ஆங்கிலேயர் கைவேலை எனவும், முழு சென்டிமீட்டராக வருமாயின் ஐரோப்பியப் பெருநிலத்தார் கைவேலை எனவும் கருத இடமுண்டு. மூன்றாவது, மரத்தை நோக்குக. கிளெப்பர் படகுகளில் நெடுஞ்சட்டம் ஆஷ் மரத்தாலும், குறுக்குச் சட்டம் பிர்ச் மர ஒட்டுப்பலகையாலும் ஆனவை. நான்காவது, இருபக்கமும் காற்றடைத்த குழாய் உண்டா என்று பார்க்க. 1950களில் வந்த கிளெப்பரின் ஏரியஸ் படகு அவ்வமைப்பால் பெயர் பெற்றது. ஐந்தாவது, சட்டங்களைப் பூட்டும் உலோகக் கொக்கிகளின் வடிவம். அது ஒவ்வொரு பட்டறைக்கும் உரிய கையெழுத்து எனலாம். ஓர் அடையாளம் கண்டவுடன் தீர்ப்புக் கூறலாகாது. இரண்டு மூன்று ஒத்துவரல் வேண்டும்.

இனி, நம் கரைக்கு வந்த படகைக் காண்போம். ஆஸ்கார் ஸ்பெக் என்னும் ஜெர்மானிய இளைஞர், வேலையிழந்த நிலையில், 1932 மே மாதத்தில் டான்யூப் நதிக்கரை ஊல்ம் நகரினின்று மடிப்புப் படகில் புறப்பட்டார். யூப்ரடீஸ் நதி, பாரசீக வளைகுடா, பம்பாய் ஆகியவற்றைக் கடந்து 1935இல் கொழும்பை அடைந்தார். அதன்பின் சென்னை வழியாகக் கல்கத்தா சென்று, பர்மா, சிங்கப்பூர், ஜாவா கடந்து, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லையிலுள்ள சைபாய்த் தீவில் கரையேறினார். அப்போது உலகப்போர் மூண்டிருந்தமையால் அங்கே சிறைப்பட்டார்! ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் பயணம். அவர் படகைச் செய்தது பயோனியர் நிறுவனம் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. காரணம், அவர்தம் தாள்களும் படங்களும் ஆஸ்திரேலியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

அதே சோழமண்டலக் கடலில் அந்நாளில் மிதந்த கட்டுமரங்களைக் கட்டியோர் யாவர்? ஆணியின்றிக் கயிற்றால் தைத்து, சென்னையின் பேரலைகளில் மக்களைக் கரைசேர்த்த மசூலாப் படகுகளை ஆக்கியோர் யாவர்? கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது; கட்டியவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கைத்திறனில் அவர் எவர்க்கும் குறைந்தவரல்லர். எழுதிவைப்பார் இல்லாமையே குறை.

விவேக் நகரில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிலும் பிறந்த ஊரினின்று வந்த பித்தளைக் குடமோ, குத்துவிளக்கோ, மரப்பெட்டியோ, அம்மியோ உண்டு. பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரை வெட்டுவிக்கிறோம். செய்தவர் பெயரைக் கேட்பதில்லை. அன்னையரும் பாட்டிமாரும் நம்மோடு இருக்கும்போதே, இஃது எவ்வூர்ப் பட்டறையில் எவர் கையால் ஆயது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு வைப்போமாக. அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்புகளைச் சங்கம் ஒன்று சேர்த்து வெளியிடுமாயின், பிறந்த மண்ணைக் காணாது இங்கு வளரும் நம் மக்களுக்கு அதனினும் சிறந்த வரலாற்று நூல் வேறு வேண்டுமோ?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!