ஏரிக்கு நடந்து போன பாதை

கொடைக்கானல் ஏரி ஆதியிலிருந்தே அங்கே இருந்தது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வெட்டிக் கட்டிய ஏரி. அந்த இடம் முன்பு ஓடை பாயும் சதுப்பு நிலம். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் கரை போட்டு நீரைத் தேக்கினார். சொந்தப் பணத்தையும் போட்டார் என்பார்கள். சுமார் 60 ஏக்கர் பரப்பு. மீன் விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகை வரவழைத்ததும் அவரே.

அந்தப் படகு மேலே எப்படி வந்திருக்கும்? என்னை ரொம்ப நாள் குடைந்த கேள்வி இது. அப்போது மலைக்கு வண்டிச்சாலை கிடையாது. மோட்டார் போகும் சாலை வந்ததே முதல் உலகப் போர்க் காலத்தில்தான். ரயிலும் 1875-ல்தான் அம்மையநாயக்கனூருக்கு வந்தது. அதன்பிறகு துரைமார்கள் அங்கே இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி மலையாவது ஏறிவிட வேண்டும் என்று இருட்டோடு கிளம்புவார்கள். குதிரையில் சிலர், நாற்காலி டோலியில் பலர். தூக்கியவர்கள் நம் ஆட்கள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர்.

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டியபோதும், 1899-ல் சூரிய ஆய்வுக்கூடம் தொடங்கியபோதும் நிலைமை இதுதான். கண்ணாடி, இரும்பு, பியானோ எதுவானாலும் சுமந்துதான் ஏற்ற வேண்டும்.

1979-ல் நாங்கள் நாலு நண்பர்கள், எல்லோரும் இளவட்டம், கும்பக்கரை அருவிப் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக நடந்து போனோம். இது கூலி காட் அல்ல. அதற்குப் பக்கத்தில் உள்ள ஊர்க்காரர்களின் ஒற்றையடிப் பாதை. அதிகாலை நாலு மணிக்கு டார்ச் லைட்டோடு ஏற ஆரம்பித்தோம். ஒரு மணி நேரத்திலேயே தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. என் தோளில் இருந்தது ஒரு துணிப்பை, அதில் புளியோதரைப் பொட்டலம், அவ்வளவுதான். இதே மலையில் ஒரு ஆளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு எப்படி ஏறினார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அடிவாரத்திலிருந்து உச்சிக்குக் கிட்டத்தட்ட 6,000 அடி ஏற்றம்!

பொழுது விடிந்து வெள்ளகவியை எட்டினோம். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை; நாங்களும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். ஒரு பெரியவர் திண்ணையில் உட்காரச் சொல்லி, "தம்பிகளா, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர் தோட்டத்துக் கொட்டையில் போட்ட கருங்காப்பி. அவருடைய தகப்பனார் டோலி தூக்கியவராம். "மேல போனா ஏரியப் பாக்க நேரமேது? எறக்கி வச்சிட்டு, கூலிய வாங்கிட்டு, இருட்டுறதுக்குள்ள எறங்கணும்ல" என்றார்.

அங்கிருந்து வட்டக்கானல் ஏறி, மதியம் ஏரிக்கரையைத் தொட்டோம். படகுத்துறையில் நல்ல கூட்டம்.

லெவிஞ்சின் பெயரைச் சரித்திரம் பத்திரமாக வைத்திருக்கிறது, வைக்க வேண்டியதுதான். மண் சுமந்து கரை போட்டவர்களில் ஒருவர் பெயர்கூட நான் படித்த புத்தகம் எதிலும் இல்லை.

டோலி ஒழிந்துவிட்டதா என்றால், துரைமார்களுக்கு ஒழிந்தது. சாலை வந்து நூறு வருஷம் கழித்தும், வெள்ளகவியில் பிரசவ வலி என்றால் கம்பில் போர்வை கட்டி ஆட்கள் தூக்கிப்போகும் செய்தியைப் பேப்பரில் படித்திருக்கிறேன்.